காட்டுத் தீயும் காற்றின் கணக்கும்

"செய்தி காட்டுத் தீ போல் பரவியது" என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். எழுத்திலும் அத்தொடரைக் கையாளுகிறோம். அலுவலகத்தில் அகவிலைப்படி உயர்வு பற்றி ஒரு வதந்தி கிளம்பினால் போதும், மாலைக்குள் அது காட்டுத் தீயாகிவிடும். ஆனால் உண்மையான காட்டுத் தீ எவ்வளவு விரைவாகப் பரவும், எந்நாளில் அது அடங்கிக் கிடக்கும், எந்நாளில் சீறி எழும் என்று எவரேனும் கேட்டால் நம்மிடம் விடை இராது. உலகத்து அறிஞர்களிடமும் நெடுங்காலம் அதற்கு விடை இருக்கவில்லை. அந்த விடையைத் தேடி அமெரிக்கக் காடுகளிலும் ஆஸ்திரேலியப் புல்வெளிகளிலும் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்த ஆராய்ச்சியின் வரலாற்றை ஈண்டு சுருக்கமாகக் காண்போம். உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு அது.

விறகடுப்பு எரிந்த வீட்டில் வளர்ந்தவர்கள் இந்த அறிவியலின் அரிச்சுவடியை முன்பே படித்தவர்கள்தாம். மழைக்காலத்தில் ஈர விறகு புகையுமே தவிர எரியாது. சுள்ளியும் சிராயும் உடனே பற்றிக்கொள்ளும்; பருத்த கட்டை மெல்லத்தான் பற்றும். அவிந்துபோகும் கங்கை ஊதுகுழலால் ஊதினால் அது மறுபடியும் சுடர்விடும். காட்டிலும் நடப்பது இதுவே. உலர்ந்த புல்லும் சருகும் அங்கே சுள்ளியாகின்றன, வீழ்ந்து கிடக்கும் மரங்கள் கட்டையாகின்றன, காற்று ஊதுகுழலாகிறது. இவற்றோடு மலைச்சரிவும் சேர்ந்துகொள்கிறது. சரிவில் மேல்நோக்கி எரியும் தீ, தனக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சுட்டு உலர்த்திவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடும்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பிற்காலத்தில் ஆஸ்திரேலிய அறிஞர் ஒருவர் கண்ட விதி. மனிதனோ சரிவில் ஏறும்போது தளர்கிறான். மலையில் தீக்கும் மனிதனுக்கும் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் வெற்றி யாருக்கு என்பதை இவ்வொரு விதியைக் கொண்டே ஊகிக்கலாம்.

1871ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் இரவு சிகாகோ நகரம் தீக்கிரையான செய்தியை உலகம் நன்கறியும். அதே இரவில் விஸ்கான்ஸின் மாநிலத்தில் பெஷ்டிகோ என்னும் ஊரும் அதனைச் சூழ்ந்த காடுகளும் எரிந்தன. சிகாகோவில் மாண்டவர் ஏறத்தாழ 300 பேர். பெஷ்டிகோத் தீயிலோ 1,200 முதல் 2,500 பேர் வரை மாண்டிருக்கலாம் என மதிப்பிடுவர். பெருநகரத்துத் தீ வரலாறாயிற்று. காட்டோரத்து ஊரின் தீ மறதியில் ஆழ்ந்தது. அவ்வாண்டுக் கோடையில் மழை பொய்த்திருந்தது. நிலத்தைத் திருத்துவதற்காக மக்கள் வைத்த சிறு தீக்கள் ஆங்காங்கே பல நாட்களாகப் புகைந்துகொண்டிருந்தன. அன்றிரவு வீசிய பெருங்காற்று அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துவிட்டது. வறட்சியையும் புகையையும் மக்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். காற்று வரப்போகிறது என்பதைச் சொல்லத்தான் அவர்களுக்கு எவருமில்லை.

1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 20, 21 ஆகிய இரு நாட்களில் ஐடஹோ, மான்டானா, வாஷிங்டன் மாநிலங்களில் 30 இலட்சம் ஏக்கர் காடு எரிந்தது. எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் மிகப் பலர் தீயை அணைப்பதற்கென்று சென்றவர்கள். அமெரிக்கக் காட்டுத்துறை அப்போது தோன்றி ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. எந்தத் தீயையும் சிறிதாக இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும் என்னும் உறுதி அத்துறையில் இத்தீயினாலே வேரூன்றியது. ஆனால் பரந்த காட்டில் ஆட்களை எங்கே நிறுத்துவது, எந்நாளில் நிறுத்துவது? எல்லா இடத்திலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த எந்த அரசாலும் இயலாது. ஆகவே தீ மூளுவதற்கு முன்னரே அந்நாளின் தன்மையை அறிந்தாக வேண்டும். 1914ஆம் ஆண்டில் எட்வர்ட் பீல்ஸ் என்னும் வானிலை அதிகாரி, காடுகளைத் தீயிலிருந்து காப்பதற்கு வானிலை முன்னறிவிப்பு எவ்வாறு பயன்படும் என்று ஒரு கட்டுரை எழுதினார். மாலுமிக்கும் உழவனுக்கும் சொல்லிவந்ததைக் காட்டுக் காவலனுக்கும் சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது.

சொல்வதென்றால் எதைச் சொல்வது? வெப்பநிலை இவ்வளவு, காற்று இவ்வளவு என்ற எண்கள் மட்டும் காவலனுக்குப் போதா. காட்டுத் தரையில் கிடக்கும் சருகும் குச்சியும் இன்று எரியுமா, எரியாவா என்பதே அவனுக்குத் தெரிய வேண்டும். இக்கேள்வியைத் தம் வாழ்நாள் வேலையாக ஏற்றவர் ஹாரி கிஸ்போர்ன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் காட்டியல் பயின்று 1917இல் பட்டம் பெற்ற அவர், 1922ஆம் ஆண்டில் ஐடஹோவில் உள்ள பிரீஸ்ட் ரிவர் ஆராய்ச்சிக் காட்டில் பணியேற்றார். அந்நாளில் தீயைப் பற்றிய ஆராய்ச்சி என்பது ஒரு துறையாகவே உருப்பெறவில்லை. வேண்டிய கருவிகளை அவரே சிந்தித்து உருவாக்க வேண்டியிருந்தது.

அவருடைய ஆராய்ச்சியில் பயன்பட்ட கருவிகளுள் ஒன்று மிக எளியது. அரை அங்குலத் தடிப்புள்ள பைன் மரக் கோல்கள், அவ்வளவுதான். முற்றிலும் உலர்ந்த நிலையில் கோல்களின் எடை 100 கிராம் இருக்குமாறு அமைத்து, அவற்றைக் காட்டில் வெயிலிலும் பனியிலும் கிடத்துவர். பிறகு எடுத்து நிறுப்பர். 108 கிராம் இருந்தால் ஈரம் நூற்றுக்கு எட்டு என்று பொருள். கணக்குப் போடவே வேண்டியதில்லை. தராசே விடையைக் கூறிவிடும். கோல் உலர்ந்திருக்கும் அளவுக்குக் காட்டுத் தரையில் உள்ள குச்சிகளும் உலர்ந்திருக்கும். இவ்வாறு ஆண்டுக்கு ஆண்டு, நாளுக்கு நாள், தீ மூளாத நாட்களிலும் சலிக்காமல் நிறுத்துக் குறித்த எண்களே பிற்கால அறிவியலுக்கு அடித்தளமாயின. மின்னல் எங்கே எப்போது காட்டில் தீ மூட்டுகிறது என்பதையும் காவற்கோபுரங்களில் இருந்தவர்களின் குறிப்புகளைக் கொண்டு அவர் ஆராய்ந்தார்.

1930களின் தொடக்கத்தில் கிஸ்போர்ன் செய்த தீ அபாயமானி நம் கவனத்துக்குரியது. புகைப்படம் எடுப்போர் ஒளியின் அளவை அறிவதற்குச் சட்டைப்பையில் ஒரு சிறு அட்டைக் கருவியை வைத்திருப்பார்கள். அதைப் போன்ற ஒன்றையே அவர் தீக்காகச் செய்தார். ஈரம், காற்று முதலியவற்றை அதில் பொருத்திப் பார்த்தால் இன்றைய அபாயம் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று அது காட்டும். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இக்கருவியிடம் தனி ஈடுபாடு உண்டு. ஆராய்ச்சியாளனின் மொழியைக் காவலனின் மொழியில் பெயர்த்துத் தந்தது அது. அறிவது ஒரு வேலை. அறிந்ததை உரியவருக்கு உரிய நேரத்தில் உணர்த்துவது மற்றொரு வேலை. முதல் வேலை செவ்வனே நடந்தும் இரண்டாவது நடவாமற்போனால் என்ன நேரும் என்பதை 1949ஆம் ஆண்டு காட்டியது.

அவ்வாண்டு ஆகஸ்டு 5ஆம் நாள். மான்டானா மாநிலத்தில் மிசௌரி ஆற்றங்கரையில் மேன் கல்ச் என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. முதல் நாள் மின்னலால் அங்கே ஒரு தீ மூண்டிருந்தது. மிசூலாவிலிருந்து புறப்பட்ட விமானத்திலிருந்து பாராசூட் மூலம் 15 தீயணைப்பு வீரர்கள் பிற்பகல் 4 மணி அளவில் இறங்கினார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்கள் கொண்டுவந்த வானொலிக் கருவி, அதற்குரிய பாராசூட் விரியாமையால் தரையில் மோதி நொறுங்கியது. ஏற்கெனவே தீயோடு போராடிக்கொண்டிருந்த காவலர் ஒருவரும் அவர்களோடு சேர்ந்தார். அன்று அருகிலிருந்த ஹெலினா நகரில் வெப்பநிலை 97 டிகிரி பாரன்ஹீட். தீ எதிர்ப்பக்கத்து மலையில் இருந்தது. பெரிய அபாயம் எதுவும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆற்றை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தவர்கள், தீ பள்ளத்தாக்கைத் தாண்டித் தங்கள் பக்கத்துக்கே வந்து, ஆற்றுக்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டதைத் திடீரெனக் கண்டார்கள். உடனே திரும்பிச் சரிவில் மேல்நோக்கி ஓடத் தொடங்கினார்கள். அந்தச் சரிவெங்கும் உலர்ந்த புல்.

தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடிப் பயனில்லை என்று உணர்ந்தார். அப்போது அவர் செய்த செயல் பார்த்தவர்களுக்குப் பித்தாகத் தோன்றியது. தீக்குச்சியைக் கிழித்துத் தமக்கு முன்னே இருந்த புல்லில் அவரே தீ வைத்தார். அப்புல் எரிந்து கரியானதும் அந்தச் சாம்பலில் புகுந்து படுக்குமாறு தம் ஆட்களை அழைத்தார். எரிந்துவிட்ட இடத்தில் மறுபடியும் எரிய ஒன்றுமில்லை. பெருந்தீ அவ்விடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்பது அவர் எண்ணம். வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழ்ந்த பழங்குடியினர் இம்முறையை முன்பே கையாண்டிருந்தனர். ஆனால் காட்டுத்துறையின் பயிற்சியில் அது இடம்பெறவில்லை. டாட்ஜ் கூட அந்தக் கணத்தில் தாமாகவே சிந்தித்துச் செய்ததாகத்தான் பின்னர்க் கூறினார். விளக்கிச் சொல்ல நேரமில்லை. தீயின் இரைச்சலில் குரல் கேட்கவும் இல்லை. ஆட்கள் அவரைக் கடந்து ஓடினார்கள். டாட்ஜ் சாம்பலில் முகம் புதைத்துக் கிடந்து உயிர் பிழைத்தார். மலை முகட்டின் பாறைப் பிளவில் புகுந்து மற்றும் இருவர் தப்பினார்கள். 13 பேர் மாண்டார்கள். தரையில் இறங்கி இரண்டு மணி நேரம் கூட முழுமையாக ஆகவில்லை.

தீ ஏன் அவ்வாறு பாய்ந்தது? இக்கேள்வி கிஸ்போர்னை உறங்கவிடவில்லை. அப்போது அவருக்கு 56 வயது, இதயநோயாளி. பனிக்காலம் வந்துவிட்டால் தடயங்கள் மறையும் என்று கருதி, நவம்பர் 9ஆம் நாள் காட்டதிகாரி ராபர்ட் ஜான்சனை உடன் அழைத்துக்கொண்டு மேன் கல்ச்சுக்குச் சென்றார். வழியெங்கும் அடிக்கடி உட்கார்ந்து இளைப்பாறி ஏறினார்கள். அங்கே சுழற்காற்று எப்படி எழுந்தது என்பது பற்றி அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. தீயன்று அப்பள்ளத்தாக்கில் நின்றிருந்த ஜான்சன் தாம் கண்டதை இடத்தோடு காட்டி விளக்கியபோது, அக்கொள்கை பொருந்தவில்லை என்பது தெளிவாயிற்று. கிஸ்போர்ன் அதற்காக வருந்தவில்லை; நேரில் வந்து பார்த்தது நல்லதாயிற்று என்று மகிழ்ந்து, புதிய கருத்தொன்றை மறுநாள் முதல் ஆராயத் தொடங்குவோம் என்றார். அந்த மறுநாள் அவருக்கு வரவில்லை. இறங்கும் வழியிலேயே மாரடைப்பால் உயிர் நீத்தார். தம் கொள்கையைக் களம் பொய்யென்று காட்டியபோது களத்தின் பக்கம் நின்ற அறிஞர் அவர். ஆராய்ச்சி மாணவர்களுக்கு இதனினும் சிறந்த பாடம் எந்தப் பாடநூலில் இருக்கும்?

மேன் கல்ச்சுக்குப் பின் வேகம் பிறந்தது. 1957இல் தீயணைப்போருக்கென்று பத்துக் கட்டளைகள் வகுக்கப்பட்டன. தீயைப் பாதிக்கும் வானிலையையும் முன்னறிவிப்பையும் அறிந்துகொண்டே இரு என்பது அவற்றுள் முதலாவதாக நின்றது. 1959இல் ஜார்ஜ் பைரம் என்பவர் தீயின் வன்மையை எண்ணால் குறிக்கும் வழியைத் தந்தார். எரிபொருள் தரும் வெப்பம், எரியும் பொருளின் எடை, தீ முன்னேறும் வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவது அது. 1960இல் மிசூலாவில் தீ ஆராய்ச்சிக் கூடம் எழுந்தது. அங்கே செயற்கைக் காற்று வீசும் நீண்ட கூண்டுகளில் சருகையும் குச்சியையும் பரப்பி எரித்துப் பார்த்தார்கள். ரிச்சர்ட் ராதர்மெல் என்னும் பொறியியலறிஞர் விமானத் துறையிலிருந்து அங்கு வந்து சேர்ந்தவர். அவர் 1972இல் வெளியிட்ட சமன்பாடுகள் புல், சருகு, ஈரம், காற்று, சரிவு ஆகியவற்றிலிருந்து தீயின் வேகத்தைக் கணக்கிட்டுக் கூறின. அச்சமன்பாடுகளைக் களத்தில் இருப்பவர் கையாளத்தக்க அட்டவணைகளாகவும் வரைபடங்களாகவும் மாற்றித் தரும் பணியும் தொடர்ந்து நடந்தது.

1993ஆம் ஆண்டில் ராதர்மெல் மேன் கல்ச்சுக்கே திரும்பினார். மாண்டவர்கள் எங்கிருந்து எங்கே ஓடினார்கள், தீ எங்கிருந்து எவ்வளவு விரைவாக வந்தது என்பதைத் தம் கணக்கால் நிமிடம் நிமிடமாக மீட்டெடுத்தார். வெல்ல முடியாத பந்தயம் என்று தம் ஆய்வுக்குத் தலைப்பிட்டார். இளைஞர்கள் சோம்பியதாலோ அஞ்சியதாலோ மாளவில்லை; அந்தப் புல்லில், அந்தச் சரிவில், அந்தக் காற்றில் தீயை முந்துவது அவர்களால் இயலாத செயல். மாண்டவர்களின் குடும்பத்தார் 44 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அறிவியல் இவ்வாறு விடையளித்தது. தாமதமான விடைதான். எனினும் பிறகு வரும் இளைஞர்களுக்கு அது காலத்தால் வந்த எச்சரிக்கை.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் மற்றொரு கோணத்தைக் காட்டுகிறது. அந்நாட்டில் ஆலன் மக்ஆர்தர் என்பவர் எண்ணற்ற சிறு தீக்களை மூட்டி அளந்து, தீ அபாயத்தைக் குறிக்கும் ஓர் அளவுகோலை உருவாக்கினார். முன்னர்க் கூறிய சரிவு விதியும் அவருடையதே. 1939ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் விக்டோரியா மாநிலத்தை எரித்த பெருந்தீயின் வானிலையை நினைவிற்கொண்டு, அதைவிடக் கொடிய நாள் வாராது என்னும் கருத்தில், அளவுகோலின் உச்சியாக 100 என்ற எண்ணை வைத்தனர். 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அந்த உச்சி தகர்ந்தது. மெல்போர்ன் நகரில் வெப்பம் 46.4 டிகிரி செல்சியசைத் தொட்டது. அபாய எண் பல இடங்களில் நூறைத் தாண்டிச் சென்றது. அன்று 173 பேர் மாண்டனர். கொடிய நாள் வருகிறது என்று வானிலையாளர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். ஆயினும் நூறுக்கு மேற்பட்ட எண் என்ன சொல்கிறது, அதைக் கேட்டதும் தான் என்ன செய்ய வேண்டும் என்பது வீட்டிலிருந்த மனிதனுக்கு விளங்கவில்லை. அவ்வாண்டே அளவுகோலின் தலையில் பேரழிவு என்னும் புதிய படி சேர்க்கப்பட்டது. 2022இல் நாடு முழுவதற்கும் நான்கே படிகள் கொண்ட புதிய முறை வந்தது. ஒவ்வொரு படிக்கும் எண்ணோடு நில்லாமல், திட்டமிடு, ஆயத்தமாயிரு, இப்போதே செயற்படு, உயிர் காக்க வெளியேறு என்று செயலையும் சேர்த்தே சொன்னார்கள்.

இதுகாறும் வானிலை தீயை எவ்வாறு வளர்க்கிறது என்று கண்டோம். தீயும் வானிலையை உண்டாக்கும் என்பது இக்கதையின் அடுத்த பகுதி. பெருந்தீயின் மேல் சூடான காற்று விரைந்து எழுகிறது. அதனோடு எழும் ஈரம் உயரத்தில் குளிர்ந்து மேகமாகிறது. சில வேளைகளில் அம்மேகம் இடிமேகமாகவே வளர்ந்துவிடும். மழை சிறிதும் மின்னல் பெரிதுமாக அது புதிய தீக்களை மூட்டும். அதிலிருந்து கீழிறங்கும் காற்று, தீயை எதிர்பாராத திசைகளில் விரட்டும். 2003ஆம் ஆண்டு ஜனவரியில் கான்பெராவில் எரிந்த தீ உண்மையான சூறாவளிச் சுழல் ஒன்றைப் பெற்றெடுத்தது என்பதை ஆராய்ச்சியாளர்கள் பின்னர் நிறுவினார்கள். 2018ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் கலிபோர்னியாவின் ரெடிங் நகருக்கருகே எழுந்த தீச்சுழலில் காற்றின் வேகம் மணிக்கு 230 கிலோமீட்டர் அளவுக்கு இருந்ததென மதிப்பிடப்பட்டது. 2019ஆம் ஆண்டு இறுதியிலும் 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் ஆஸ்திரேலியாவில் எரிந்த தீக்களின் புகை, விமானங்கள் பறக்கும் உயரத்தையும் கடந்து 30 கிலோமீட்டருக்கும் மேலே சென்றது.

இத்தகைய தீயை அளப்பது எப்படி? கருவியை அருகே கொண்டுசென்றால் கருவி எரியும். தொலைவில் வைத்தால் புகை மறைக்கும். 2006ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குரிய புல்வெளியில் கருவிகள் பொருத்திய கோபுரங்களை நட்டு, புல்லுக்குத் தீ வைத்து, தீ கோபுரங்களைக் கடக்கும்போது காற்றும் வெப்பமும் எவ்வாறு மாறுகின்றன என்று அளந்தார்கள். சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் தீ வானிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சிக்கூடம் உருவாயிற்று. அங்குப் பட்டமேற்படிப்பு மாணவர்கள் சிறு லாரிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு எரியும் காடுகளின் ஓரத்துக்கே செல்லலானார்கள். லேசர் ஒளியைப் புகையின் மீது பாய்ச்சி, புகைத் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளியிலிருந்து காற்றின் திசையையும் வேகத்தையும் அறியும் கருவி அவற்றுள் ஒன்று. 2016ஆம் ஆண்டு ஐடஹோவில் எரிந்த பயனியர் என்னும் தீயின் புகைத்தூணை ரேடார் ஏந்திய விமானத்திலிருந்து அளந்தனர். ஆராய்ச்சி மாணவர் ஒருவரை முதலாசிரியராகக் கொண்டு 2020இல் வெளிவந்த கட்டுரை, அத்தூணில் காற்று நொடிக்கு 58 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எழுந்ததைக் காட்டியது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகம். கிஸ்போர்ன் மரக் கோல்களைத் தராசில் வைத்து நிறுத்த அதே ஐடஹோ மாநிலம்தான் அதுவும்.

மாணவரின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். களத்தில் கிடைப்பது சில மணி நேரத்து அளவீடு. அதனை ஆராய்ந்து, பிழை நீக்கி, பொருள் காண்பதற்குச் செல்வது சில ஆண்டுகள். மற்றவர்கள் வேலை தேடிப் பொருளீட்டும் பருவத்தில் இவர்கள் புகையைப் பற்றிய எண்களோடு போராடுகிறார்கள். அந்த எண்கள் எங்கோ ஓர் ஊரில் ஒரு காவலனின் கைக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால், அவர்களுடைய இரவுகள் வீண்போகவில்லை.

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று நாம் இருந்துவிட இயலாது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. உலர்ந்த புல், செங்குத்தான சரிவு, ஓட வழியறியாத இளையோர். மேன் கல்ச்சின் வரலாற்றைப் படித்தவர்கள் அன்றைய செய்தியைப் படித்தபோது நெஞ்சு துணுக்குற்றிருப்பார்கள். டேராடூனிலும் நைனிதாலிலும் வாழும் நம்மவர், கோடை தொடங்கும்போது சிர் பைன் மரங்களிலிருந்து உதிர்ந்து தரையெங்கும் மெத்தை போல் கிடக்கும் ஊசியிலைகளைப் பார்த்திருப்பார்கள். அவ்வூர் மக்கள் அவற்றைப் பிரூல் என்பர். பிசின் நிறைந்த அச்சருகு தீக்கு நல்ல உணவு. டேராடூனில் உள்ள இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் 2004ஆம் ஆண்டு முதல் செயற்கைக் கோள்கள் காட்டும் தீப்புள்ளிகளை மாநிலக் காட்டுத்துறைகளுக்குத் தெரிவிக்கும் பணியை மேற்கொண்டது. வானத்திலிருந்து கண்டது கைபேசிச் செய்தியாகக் காவலரிடம் வந்து சேரும் வழியும் திறந்தது.

ஆனால் செய்தி அங்கே நின்றுவிடலாகாது. புயல் எச்சரிக்கையை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தாழ்வு மண்டலம் எங்கே இருக்கிறது என்பதோடு, மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டா என்னும் ஒரு தொடரும் சேர்ந்து வந்தது. அந்த ஒரு தொடர் எத்தனையோ படகுகளைக் கரையில் நிறுத்தி வைத்தது. தீயைப் பற்றியும் அத்தகைய தொடர் ஒன்று வேண்டும். அது மலையடிவாரத்து ஆயனுக்கும், தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கும், விடுமுறைக்கு மலையேற வரும் மாணவிக்கும் அவரவர் மொழியில் எட்ட வேண்டும். இன்று புல் உலர்ந்திருக்கிறது, காற்று வலுக்கும், சரிவில் ஏறாதே என்று சொல்ல மூன்றே வாக்கியம் போதும். அவற்றுக்குப் பின்னே நூறாண்டு ஆராய்ச்சி நிற்கிறது.

அலுவலக மேசையில் அமர்ந்து சுற்றறிக்கைகளைத் தமிழாக்கும் வேலை பிறர் கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றலாம். நமக்கே சில நாட்களில் அவ்வாறு தோன்றுவதுண்டு. அத்தகைய நாட்களில், மேன் கல்ச் சரிவில் கருகிய புல்லின் நடுவே நின்று தம் ஆட்களைக் கூவி அழைத்த டாட்ஜின் உருவம் நம் நினைவுக்கு வருகிறது. அவர் அறிந்திருந்தார், அவர்களுக்கு அது புரியவில்லை. அந்த இடைவெளி சில அடிகளே. ஆனால் 13 உயிர்கள் அதில் வீழ்ந்தன. இனி, செய்தி காட்டுத் தீ போல் பரவியது என்று சொல்லும்போது நேயர்கள் ஒன்றை நினைத்துக்கொள்வார்களாக. காட்டுத் தீயைப் பற்றிய செய்தி, காட்டுத் தீயைவிட விரைவாகப் பரவ வேண்டும்.